கூட்டாளியின் கணினியில் சிடி சிமுலேஷன் மக்கர் செய்தால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

சிங்கப்பூரில் ஓர் ஆய்வுக்குழுவில் வேலை பார்க்கிறேன். சிடி ஸ்கேனரை முழுக்கக் கணினிக்குள்ளேயே ஓட்டிப் பார்க்கும் கருவிகளைத் தயார்செய்து மதுரை, பினாங்கு, ஜெர்மனி என்று வெவ்வேறு ஊர்களில் இருக்கும் கூட்டாளிக் குழுக்களுக்கு அனுப்புவதும், அங்கே ஓடாவிட்டால் ஏன் ஓடவில்லை என்று பார்ப்பதும் என் பொறுப்பு. எக்ஸ்சிஸ்ட், கேட், ஆஸ்ட்ரா என்று கருவி எதுவானாலும் வருகிற கோளாறுகள் பெரும்பாலும் ஒன்றேதான், பதிலும் ஒன்றேதான். அதனால் கோட்பாட்டையெல்லாம் விட்டுவிட்டு, என்ன தெரிகிறது, எதை முதலில் பார்க்கவேண்டும், எந்தக் கட்டத்தில் நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

## எந்தக் கோளாறானாலும் முதலில் தண்ணீர்

நாங்கள் அனுப்பும் பொதியில் (கருவியும் அது ஓடத் தேவையான கோப்புகளும் சேர்ந்த மூட்டை) எப்போதும் ஒரு சின்னச் சோதனை இருக்கும். 20 செமீ விட்டமுள்ள தண்ணீர் உருளை, அதை ஸ்கேன் செய்வதற்கான அமைப்புக் கோப்பு, எங்கள் கணினியில் வந்த படம், நடுவில் வரவேண்டிய எண், ஒவ்வொரு கோப்பும் எத்தனை பைட், ஓடி முடிய எவ்வளவு நேரம் ஆனது, அவ்வளவுதான். கூட்டாளி தன் நுரையீரல் ஃபேண்டத்தை (உடலுக்குப் பதிலாக ஸ்கேன் செய்யும் மாதிரி) தொடுவதற்கு முன்னால் இதை ஓட்டிவிட வேண்டும். தண்ணீர் சரியாக வந்தால் பொதியில் குறையில்லை, அவர் கொடுத்த உள்ளீட்டில் தேடலாம். தண்ணீரே சரியில்லை என்றால் நுரையீரலைப் பற்றிப் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

கூடவே இரண்டு கோரிக்கை. பிழைச் செய்தியைப் போனில் படமெடுத்து அனுப்பாதீர்கள், எழுத்தாக நகலெடுத்து முழுதாக அனுப்புங்கள்; காரணம் பெரும்பாலும் கடைசி வரியில் இருக்காது, முப்பது வரி மேலே இருக்கும். எந்தக் கணினியில் ஓட்டினீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: சொந்த மடிக்கணினியா, ஆய்வுக்கூடத்துக் கணினியா, பல கணினிகளைச் சேர்த்துக் கட்டிய கிளஸ்டரா.

## அறிகுறி: ஒன்றுமே தொடங்கவில்லை

இது பார்க்கத்தான் பயமாக இருக்கும், சரிசெய்வது சுலபம். செய்தியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

"எக்ஸெக் ஃபார்மேட் எரர்" என்று வந்தால். பொதி இன்டெல் வகைச் செயலிக்காகக் கட்டப்பட்டது, உங்களிடம் இருப்பது ஆப்பிள் எம் சிப் உள்ள மேக், அல்லது இதற்கு நேர்மாறு. இரண்டு வகைக்கும் பொதி கட்டித் தரும்படி அனுப்பியவரிடம் கேளுங்கள், ஒரு மணி நேர வேலைதான். இடைக்காலத்தில் டாக்கரில் (பொதியை ஓட்டும் மென்பொருள்) எமுலேஷன் போட்டு, அதாவது மற்றச் செயலி போல நடிக்கவைத்து ஓட்டலாம், ஆனால் ஆமை வேகம். என்விடியா ஜிபியு (வரைகலைச் செயலி) தேவைப்படும் பகுதி அந்த மேக்கில் எப்படியும் ஓடாது, அதற்கு வேறு கணினி பார்க்க வேண்டியதுதான்.

பாஷ் என்ற சொல்லுக்குப் பின்னால் கூரைக்குறியும் எம் எழுத்தும் தெரிந்தால். யாரோ ஒருவர் விண்டோஸில் அந்தக் கோப்பைத் திறந்து சேமித்திருக்கிறார், வரி முடிவுக் குறி மாறிவிட்டது. டாஸ்-டு-யூனிக்ஸ் என்ற சின்னக் கருவியால் ஒரு நொடியில் சரியாகும். நிரலின் பதிப்புகளைக் காத்துவைக்கும் கிட் மென்பொருளே தானாக மாற்றியிருக்கவும் கூடும், அதன் அமைப்பையும் பாருங்கள்.

பைத்தானில் "நம்பை" என்ற எண்கணித நூலகத்தைப் பற்றிய புகார் வந்தால். பழைய நிரல் புதிய நம்பையோடு மோதுகிறது. நம்பை 1.24இல் சில பழைய பெயர்கள் நீக்கப்பட்டன, 2024இல் வந்த 2.0 பதிப்போ முன்பு தொகுத்த உள்நூலகங்களோடு ஒத்துப்போகாது. நிரலைத் திருத்த உட்காராதீர்கள். பொதியோடு வந்த பதிப்புப் பட்டியலை வைத்துப் புதிதாக ஒரு சூழலை உருவாக்கி அதில் ஓட்டுங்கள். பட்டியலே வரவில்லை என்றால் அது அனுப்பியவர் தப்பு, கேட்டு வாங்குங்கள்.

ஜியன்ட்4 தரவு கிடைக்கவில்லை என்று கேட் நின்றுவிட்டால். கேட் மென்பொருள், துகள்கள் பொருளுக்குள் எப்படிப் போகின்றன என்று கணக்கிடும் ஜியன்ட்4இன் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதன் இயற்பியல் தரவுத் தொகுப்புகள் தனிக் கோப்புகளாக இருக்கும், அவை எங்கே இருக்கின்றன என்று சூழல் மாறிகள் வழியாகச் சொல்லவேண்டும். பொதியை மட்டும் நகலெடுத்து அந்தத் தொகுப்புகளை விட்டுவிட்டிருப்பார்கள்.

கிளஸ்டரில் டாக்கருக்கே அனுமதி இல்லை என்றால். இது கோளாறே இல்லை. பலர் பகிர்ந்துகொள்ளும் கிளஸ்டரில் டாக்கருக்கு நிர்வாகி அதிகாரம் தேவைப்படுவதால் பெரும்பாலும் அனுமதிக்க மாட்டார்கள். ஆப்டெய்னர் இருக்கிறதா என்று பாருங்கள். முன்பு சிங்குலாரிட்டி என்று இருந்து, 2021இல் லினக்ஸ் ஃபவுண்டேஷனுக்குள் வந்தபோது பெயர் மாறியது. டாக்கர் பொதியை அப்படியே அதற்கு மாற்றிக்கொள்ளலாம். மாற்றிய பிறகு "ரீட் ஒன்லி" என்று புகார் வந்தால், நிரல் தன் வெளியீட்டைப் பொதிக்குள்ளேயே எழுதப் பார்க்கிறது என்று அர்த்தம். வெளியே உங்கள் கோப்புறை ஒன்றைக் காட்டிவிடுங்கள்.

குடா (என்விடியா ஜிபியுவில் நிரல் ஓட்டும் மென்பொருள்) டிரைவர் பழையது என்று வந்தால். என்விடியா-எஸ்எம்ஐ கட்டளையைக் கொடுங்கள். மேலே வலது மூலையில் ஒரு குடா எண் தெரியும். அது அந்த டிரைவர் தாங்கக்கூடிய உச்சப் பதிப்பு. குடா நிறுவப்பட்டிருக்கிறது என்று அதற்கு அர்த்தமில்லை, இதில் நிறையப் பேர் குழம்புகிறார்கள். பொதியில் உள்ள குடா அதைவிடப் புதியது என்றால் பழைய குடாவில் பொதியை மறுபடி கட்டித் தருவதுதான் மலிவான வழி. டிரைவரை நீங்களே ஏற்றப் பார்க்காதீர்கள், அது கிளஸ்டர் நிர்வாகியின் வேலை. பகிர்ந்த கணினியில் ஒருவர் டிரைவரை மாற்றப்போய் மற்ற எல்லோர் வேலையும் இரண்டு நாள் நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

## அறிகுறி: ஓடி முடிகிறது, படம் காலி

முதலில் ஃபேண்டம் கோப்பின் அளவைப் பாருங்கள். சில நூறு எம்பி இருக்கவேண்டிய கோப்பு வெறும் 130 பைட் மாதிரி இருந்தால், உங்களிடம் இருப்பது ஃபேண்டம் இல்லை, அதன் முகவரிச் சீட்டு. பெரிய கோப்புகளைக் கிட் எல்எஃப்எஸ் தனியாக வைத்துக்கொண்டு, அந்த இடத்தில் மூன்று வரிச் சீட்டு ஒன்றைப் போட்டுவைக்கும். எல்எஃப்எஸ் நிறுவாமல் இறக்கினால் சீட்டு மட்டும்தான் வரும். எழுத்துத் திருத்தியில் திறந்தால் தெரிந்துவிடும். நிரல் இதைப் பற்றி வாயே திறக்காமல் காலிப் படத்தைக் கொடுத்துவிட்டுப் போகும், அதுதான் இதில் மோசம்.

அளவு ஏறக்குறைய சரி, ஆனால் கொஞ்சம் குறைகிறது என்றால் இறக்கம் பாதியில் அறுந்திருக்கிறது. ஷா-256 கைரேகையை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாளம்) இரண்டு பக்கமும் எடுத்து ஒப்பிடுங்கள். "முழுசா வந்துருச்சு" என்ற வாய்வார்த்தையை நான் இப்போது ஏற்பதில்லை.

அதுவும் பொருந்துகிறதா? கோப்பின் பெயரைப் பாருங்கள். விண்டோஸுக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்று, லினக்ஸுக்கு இரண்டும் வேறு. பெயரில் இடைவெளி இருந்தாலும் சில பழைய சி நூலகங்கள் தடுமாறும். ஒரு தடவை ஒரு மாணவியின் கணினியில் மட்டும் ஓடவே இல்லை, மற்ற எல்லோருக்கும் ஓடியது. கடைசியில் பார்த்தால் அவர் தன் கோப்புறைக்கு அழகாகத் தமிழில் "ஆய்வு" என்று பெயர் வைத்திருந்தார், உள்ளே இருந்த நூலகத்துக்கு அந்த எழுத்துகள் புரியவில்லை. தமிழில் பெயர் வைப்பதில் தப்பே கிடையாது, நூலகம்தான் பழசு. ஆனாலும் சிமுலேஷன் ஓடும் பாதையில் மட்டும் ஆங்கில எழுத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு: ஃபேண்டத்தை நாங்கள் வேண்டுமென்றே அனுப்பியிருக்க மாட்டோம். ட்யூக் பல்கலைக்கழகத்தில் உருவான எக்ஸ்கேட் போன்ற ஃபேண்டங்களுக்கு உரிமம் உண்டு, எங்களுக்குக் கிடைத்தது என்பதற்காக உங்களுக்குத் தூக்கிக் கொடுத்துவிட முடியாது. உங்கள் நிறுவனம் தனியாகக் கேட்டு வாங்கவேண்டும். இங்கே கூப்பிட வேண்டியது உங்கள் பல்கலைக்கழகத்தின் ஒப்பந்த அலுவலகத்தை. வாரக்கணக்கில் ஆகலாம், ஆகவே கூட்டு ஆய்வு பேச்சில் இருக்கும்போதே தொடங்கிவிடுங்கள். கருவியின் உரிமத்தையும் அதே மூச்சில் கேட்டுவிடுங்கள்: எக்ஸ்சிஸ்ட் பிஎஸ்டி உரிமத்தில் இருக்கிறது, ஆஸ்ட்ரா ஜிபிஎல் உரிமத்தில் இருக்கிறது; இதை உள்ளே வைத்து வெளியிட்டால் மூலநிரலையும் திறந்து கொடுக்கவேண்டிவரும். கூட்டாளி ஒரு கம்பெனி, இதைத் தன் பொருளுக்குள் வைக்க நினைக்கிறது என்றால் இந்த வித்தியாசம் பெரிய வித்தியாசம்.

## அறிகுறி: படம் வருகிறது, ஆனால் உருக்குலைந்து வருகிறது

எப்படிக் குலைந்திருக்கிறது என்பதே பாதிப் பதிலைச் சொல்லிவிடும்.

முழுக்கப் புள்ளி புள்ளியாக, பழைய டிவியில் சிக்னல் போனது போல. எண்ணின் வகையைத் தப்பாகப் படிக்கிறீர்கள். 16 பிட்டா 32 பிட்டா, பைட் வரிசை எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குகிறது என்று பாருங்கள். ஒரு கணக்கு போட்டுப் பார்த்தால் போதும்: 512 × 512 புள்ளி, புள்ளிக்கு 2 பைட் என்றால் ஒரு துண்டுப் படம் 524,288 பைட். 300 துண்டு, புள்ளிக்கு 4 பைட் என்றால் 314,572,800 பைட். கோப்பின் அளவு இதோடு பொருந்தவேண்டும். சில நூறு பைட் கூடுதலாக இருந்தால் முன்னால் ஒரு தலைப்புப் பகுதி ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதைத் தாண்டிப் படிக்கவேண்டும்.

சாய்வாக இழுத்துவிட்டது போல, குறுக்குக் கோடுகளோடு. அகலம் தப்பு. ஒரு வரிக்கு எத்தனை புள்ளி என்பதைச் சரிபாருங்கள்.

படம் தெளிவு, ஆனால் கவிழ்ந்தோ திரும்பியோ இருக்கிறது. மேட்லேப் எண்களை நெடுக்காக அடுக்கும், நம்பை வழக்கமாகக் குறுக்காக அடுக்கும். ஒன்றில் எழுதியதை மற்றதில் படித்தால் கிடை நெடுவாகிவிடும். தலைகீழாக இருந்தால் உடனே கண்ணில் படும். இடவலம் மாறியிருந்தால்தான் ஆபத்து, ஏனென்றால் நெஞ்சுக்கூடு பார்க்க ஒழுங்காகவே இருக்கும். வழக்கமான சிடி காட்சியில் நோயாளியின் வலப்பக்கம் நம் இடக்கைப் பக்கம் வரும், கல்லீரல் அங்கே தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் மேற்கொண்டு எதுவும் செய்யாமல் நிறுத்துங்கள்.

ஆள் நசுங்கிப்போயிருக்கிறார். மூன்று திசையிலும் ஒரே அளவு என்று நிரல் நினைத்துக்கொண்டிருக்கிறது. சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஐசிஆர்பி 110 ஆண் ஃபேண்டத்தில் ஒரு கட்டம் 2.137 × 2.137 × 8 மிமீ, மொத்தம் 222 துண்டு. 8 மிமீ என்று எடுத்தால் 1.776 மீட்டர், முழு ஆள். எல்லாமே 2.137 என்று எடுத்தால் 47 செமீ பொம்மை. கதிரளவுக் கணக்குக்கு இதை வைத்திருந்தால் எண் முழுக்கக் குப்பைதான்.

நடுவில் ஒழுங்கு, ஓரத்தில் இருப்பவை மட்டும் வட்டம் வட்டமாகக் கலைந்துவிடுகின்றன. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இதில் எங்களுக்கு இரண்டு வாரம் போனது. ஒரு கூட்டாளிக்குப் பொதி அனுப்பினோம், தண்ணீர் உருளை ஓடியது, படம் கண்ணாடி மாதிரி வந்தது, நடுவில் 0, விளிம்பு கூர்மை. சரி என்று பச்சைக்கொடி காட்டிவிட்டோம். அவர் மார்புப் பகுதி ஃபேண்டத்தை ஓட்டினார், முதுகெலும்பு பக்கம் ஏதோ பரவாயில்லை, விலா எலும்பெல்லாம் சேற்றில் கல்லெறிந்தது போல. ஃபேண்டத்தைச் சந்தேகித்தோம், ஜிபியுவைச் சந்தேகித்தோம், ஃபில்டரை மாற்றினோம், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் பார்த்தால் எங்கள் ப்ரொஜெக்ஷன் (ஒவ்வொரு கோணத்திலும் எடுக்கும் எக்ஸ்ரே நிழல்) கடிகார திசையில் சுற்றியிருக்கிறது, அவருடைய ரீகன்ஸ்ட்ரக்ஷன் (அந்த நிழல்களிலிருந்து படத்தைக் கட்டும் வேலை, சுருக்கமாக ரீகன்) எதிர்த்திசையில் சுற்றியது. நட்டநடுவில் வைத்த உருளைக்கு எந்தப் பக்கம் சுற்றினாலும் ஒன்றுதானே, அதனால் சோதனையில் இது பிடிபடவே வழியில்லை!

அன்றிலிருந்து உருளைக்குள் மூன்று கம்பி வைக்கிறோம். எலும்பு மாதிரி ஒன்று, கொழுப்பு மாதிரி ஒன்று, காற்று நிரம்பிய துளை ஒன்று. நடுவிலிருந்து 30, 50, 70 மிமீ தூரத்தில், மூன்றும் மூன்று கோணத்தில். திசை மாறினால் கம்பி கலையும், படம் திரும்பினால் எந்தக் கம்பி எங்கே இருக்கிறது என்பதே சொல்லிவிடும். நீங்கள் யாருக்காவது கருவி அனுப்புவதாக இருந்தால் தயவுசெய்து வெறும் உருளையை அனுப்பாதீர்கள்.

கம்பி ஒவ்வொன்றும் இரட்டையாக, அல்லது ஓரம் மங்கலாக. சுழல் மையம் சிறிது தள்ளியிருக்கிறது. பல ஸ்கேனர்களில் டிடெக்டரை வேண்டுமென்றே கால் கட்டம் தள்ளி வைப்பார்கள், சிமுலேஷனிலும் அதற்கு ஓர் அமைப்பு இருக்கும். ஒரு பக்கம் அது போடப்பட்டு, மறுபக்கம் ரீகனில் விட்டுப்போயிருக்கும். எண்ணும்போது 0இல் தொடங்குவதா 1இல் தொடங்குவதா என்ற பழைய தகராறும் இதே மாதிரி மங்கலைத் தரும்.

## அறிகுறி: படம் அழகு, எண்கள் தப்பு

ஒரு சனிக்கிழமை மாலை தேக்காவில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தபோது மதுரை மாணவர் அழைத்தார். "அக்கா, தண்ணி 1024ன்னு வருது, காத்து 24. ஸ்பெக்ட்ரம் மாத்தணுமா?" ஸ்பெக்ட்ரத்தை, அதாவது எக்ஸ்ரே கதிரின் ஆற்றல் பரவலை, தொடவே வேண்டாம். சிடி படத்தின் எண்களுக்கான ஹெச்யு அளவில் தண்ணீர் 0, காற்று −1000. இரண்டுமே சரியாக 1024 கூடுதலாக இருந்தால் டைகாம் (மருத்துவப் பட வடிவம்) கோப்பில் உள்ள ரீஸ்கேல் இன்டர்செப்ட் என்ற எண்ணைச் சேர்க்காமல் படித்திருக்கிறார் என்று அர்த்தம், அதில் −1024 என்று போட்டிருக்கும். அவர் சேர்த்துப் படித்தார், நான் முருங்கைக்காய்க்குக் காசு கொடுப்பதற்குள் சரியாகிவிட்டது.

எல்லா எண்ணுமே இப்படி ஒரே அளவு தள்ளியிருந்தால் காரணம் மலிவானது. பத்து மடங்கு வித்தியாசம் என்றால் செமீ, மிமீ குழப்பம்: 60 கெவி எக்ஸ்ரே ஆற்றலில் தண்ணீரின் தேய்மானக் கெழு (கதிரை எவ்வளவு குறைக்கிறது என்ற எண்) செமீக்கு சுமார் 0.206, மிமீக்கு 0.0206. ஒரு பொருள் மட்டும் காணாமல் போனது போல 0 என்று வந்தால் தசமப் புள்ளியைப் பாருங்கள். ஜெர்மனியில் 0.206 என்பதை 0,206 என்றுதான் எழுதுவார்கள், அந்த ஊர் அமைப்பில் உள்ள கணினி கோப்பைச் சேமிக்கும்போது புள்ளி காற்புள்ளியாகி, படிக்கும் நிரல் 0வோடு நின்றுவிடும்.

தண்ணீர் சரி, எலும்பு மட்டும் தப்பு என்றால் இப்போது ஸ்பெக்ட்ரத்தைப் பார்க்கலாம். இரண்டு பேரும் 120 கேவிபி (எக்ஸ்ரே குழாயின் உச்ச மின்னழுத்தம்) என்று சொல்வார்கள், ஆனால் ஒருவர் முழு ஸ்பெக்ட்ரமும் இன்னொருவர் ஒரே ஆற்றலும் போட்டிருப்பார். 120 என்பது உச்சம்தான், சராசரி அதில் பாதியைச் சுற்றித்தான் இருக்கும். 120 கெவி ஒற்றை ஆற்றலில் ஓட்டினால் எலும்பின் எண் வெகுவாக இறங்கிவிடும். வடிகட்டியின் தடிமனையும் பாருங்கள், அலுமினியம் சில மிமீ கூடினாலும் மாறும்.

உருளையின் நடு தாழ்ந்து, ஓரம் ஏறி, கிண்ணம் மாதிரி இருந்தால் இந்த வரிசையில் போங்கள். சிதறலை (கதிர் பொருளில் பட்டுத் திசைமாறுவது) அணைத்துவிட்டு ஓட்டுங்கள். கிண்ணம் போய்விட்டால் சிதறல் திருத்தம் விடுபட்டிருக்கிறது. போகவில்லையா, ஒற்றை ஆற்றலில் ஓட்டுங்கள். இப்போது போனால் பீம் ஹார்டனிங் (குறைந்த ஆற்றல் கதிர்கள் முதலில் உறிஞ்சப்படுவது) திருத்தம் இல்லை. அப்போதும் இருந்தால், ஒன்றும் வைக்காமல் எடுக்கும் காற்று ஸ்கேனின்போதும் போடை ஃபில்டர் (ஓரத்துக் கதிரைக் குறைக்கும் வடிகட்டி) இருந்ததா என்று பாருங்கள். கடைசியாக, உருளை முழுவதும் டிடெக்டருக்குள் அடங்குகிறதா? வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் ஓரம் பளிச்சென்று எரியும்.

இத்தனைக்கும் பிறகு, உங்கள் மருத்துவமனையில் உள்ள நிஜ ஸ்கேனரோடு ஒத்துப்போகவில்லை என்றால் அங்கே நிறுத்துங்கள். சிமுலேஷனில் அளவீடுகளைத் திருகித் திருகிப் பொருத்தப் பார்ப்பதை நான் ஏற்கமாட்டேன், அப்படிப் பொருத்தினால் ஒரு படத்துக்கு மட்டும்தான் பொருந்தும். ஸ்கேனரின் ஸ்பெக்ட்ரம், போடை வடிவம் எல்லாம் தயாரிப்பாளர் கையில் இருப்பவை. மருத்துவ இயற்பியலாளரைக் கூப்பிட்டு நிஜ ஸ்கேனரில் தர ஃபேண்டத்தை முதலில் எடுக்கச் சொல்லுங்கள். அமெரிக்கக் கதிரியக்கவியல் கல்லூரியின் ஃபேண்டத்தில் தண்ணீர் −7க்கும் +7க்கும் இடையில் இருக்கவேண்டும் என்பது விதி. நிஜக் கருவியே 4 காட்டும்போது உங்கள் சிமுலேஷன் 0 காட்டுவது குற்றமில்லை.

## அறிகுறி: இரைச்சல் நம்பும்படியாக இல்லை

அனுப்பிய பொதியிலேயே இருக்கும் கோளாறுகளில் இதைத்தான் நான் அதிகம் பயப்படுவேன். பிழைச் செய்தி வராது, படம் இயல்பாகத் தெரியும், முடிவு மட்டும் பொய்யாக இருக்கும்.

சோதனை: ஒரே ஸ்கேனை இரண்டு முறை ஓட்டி, ஒன்றிலிருந்து மற்றதைக் கழியுங்கள். பொடிப்பொடியாக இரைச்சல் மிஞ்சவேண்டும். சுத்தமாகக் கறுப்பு, எல்லா இடத்திலும் 0 என்று வந்தால் இரண்டு ஓட்டமும் ஒரே ரேண்டம் விதையில் (தற்செயல் எண் வரிசையின் தொடக்க எண்) தொடங்கியிருக்கின்றன. பொதியைச் சோதிக்க வசதியாக இருக்கட்டும் என்று நாமே விதையை ஓர் எண்ணில் நிறுத்தி அனுப்பியிருப்போம், கூட்டாளி அதை அப்படியே கிளஸ்டரில் நூறு வேலையாகப் போட்டிருப்பார். நூறும் ஒரே படம். 16 ஓட்டத்தைச் சராசரி எடுத்தால் இரைச்சல் கால்வாசியாகக் குறையவேண்டும், இங்கே ஒரு துளியும் குறையாது. ஒவ்வொரு வேலைக்கும் வேறு விதை கொடுங்கள், வேலையின் எண்ணையே விதையாக வைத்தால் பின்னால் திருப்பியும் ஓட்டலாம். கேட் மென்பொருளில் விதையை டீஃபால்ட் என்று விட்டால் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில்தான் தொடங்கும், இதைக் கவனிக்கவும்.

விதை சரி, ஆனாலும் இரைச்சல் கூடவோ குறையவோ இருக்கிறது என்றால் கதிரின் அளவை 50 எம்ஏஎஸ், 200 எம்ஏஎஸ் இரண்டிலும் வைத்து ஓட்டுங்கள். நான்கு மடங்கு கதிர் போனால் இரைச்சல் பாதியாகவேண்டும். ஆகிறது, ஆனால் மொத்த அளவு மட்டும் எங்களிடம் வந்ததோடு பொருந்தவில்லை என்றால் ரீகன் கெர்னலும் (படத்தைக் கூர்மையாக்கும் அல்லது மென்மையாக்கும் வடிகட்டி) துண்டின் தடிமனும் ஒன்றுதானா என்று பாருங்கள், தொண்ணூறு சதவீதம் அங்கேதான். பாதியாகவில்லை, குறைந்த கதிரில் தாறுமாறாக ஏறுகிறது என்றால் மின்னணு இரைச்சல் ஒரு பக்கம் மட்டும் போடப்பட்டிருக்கலாம்.

இதற்குமேலும் தீராவிட்டால் ஏற்கெனவே எடுத்த முடிவுகளை எழுதுவதை நிறுத்திவிட்டுக் கருவி எழுதியவர்களிடம் போங்கள். மறுபடி ஓட்டுவது செலவுதான், வாரக்கணக்கில் கிளஸ்டர் நேரம். ஆனால் அந்தப் படங்களை வைத்து யாரோ ஓர் ஏஐ மாதிரியைப் பயிற்றுவித்து, அது இல்லாத கட்டியைக் காட்டினால் என்ன செய்வது?

## அறிகுறி: ஓடுகிறது, ஆனால் முடிவதே இல்லை

ஜிபியு வேலை செய்கிறதா என்று பாருங்கள். டாக்கருக்கு ஜிபியுவைக் காட்டவேண்டும், ஆப்டெய்னருக்கு என்வி என்ற தேர்வைச் சேர்க்கவேண்டும். மறந்தால் சில கருவிகள் சத்தமில்லாமல் சிபியுவுக்கு இறங்கிவிடும். கிளஸ்டரின் நுழைவுக் கணினியிலேயே ஓட்டிக்கொண்டிருக்கிறீர்களா என்றும் பாருங்கள், புதியவர்கள் அடிக்கடி செய்வது.

நினைவகம் போதாமல் செத்தால் கணக்கு போடுங்கள். 1000 கோணம், 900 × 64 டிடெக்டர் கட்டம், கட்டத்துக்கு 4 பைட் என்றால் சுமார் 230 எம்பி. 20 ஆற்றல் பட்டையையும் தனித்தனியாக வைத்தால் 4.6 ஜிபி. நிரல் உள்ளே எட்டு பைட்டில் கணக்கிட்டால் அதுவும் இரட்டிப்பு. சோதனைக்குக் கோணத்தையும் பட்டையையும் குறைத்து ஓட்டுங்கள், முழு அளவை ஒரே ஒரு முறை கடைசியில் ஓட்டலாம்.

மான்டி கார்லோ (ஒவ்வொரு துகளையும் தற்செயல் எண்களால் பின்தொடரும் முறை) இயல்பிலேயே மெதுவானது, அதற்கு மருந்தில்லை. வேலையைத் துண்டாக்கிப் பல கணினியில் போடவேண்டும், விதை பற்றி மேலே சொன்னதை மறக்காமல். நேரம் போதவில்லை என்றால் ஜிபியு வாங்குவதற்கு முன்னால் தேசிய சூப்பர்கணினி மையம் போன்ற பொது வசதிகளில் நேரம் கேட்டுப் பாருங்கள்.

## அறிகுறி: கோப்பு போய்ச் சேரவே இல்லை

இந்த ஒன்றில் மட்டும் வரிசை தலைகீழ். ஆளைக் கூப்பிடுவதுதான் முதல் வேலை.

இங்கே மருத்துவமனைக் கணினிகளில் வெளி இணையம் கெடுபிடியாக இருக்கும். 2018இல் சிங்ஹெல்த் மருத்துவமனைக் குழுமத்தின் மீது நடந்த இணையத் தாக்குதலில் 15 லட்சம் பேரின் தனிப்பட்ட விவரங்கள் திருடப்பட்டன, அந்தக் கெடுபிடிக்குக் காரணம் இருக்கிறது. பொதி போகவில்லை என்றதும் சொந்த டிரைவில் ஏற்றி அனுப்புவது, யூஎஸ்பியில் கொண்டுபோவது என்று யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம். மருத்துவமனையின் ஐடி பிரிவிடம், என்ன கோப்பு, எவ்வளவு பெரியது, யாருக்கு என்று எழுதிக் கேளுங்கள்.

அதற்கும் முன்னால் பொதிக்குள் என்ன இருக்கிறது என்று நீங்களே பாருங்கள். நிரலும் கணித ஃபேண்டமும் மட்டும் என்றால் சிக்கல் குறைவு. நிஜ நோயாளியின் ஸ்கேனிலிருந்து எடுத்த ஃபேண்டமா? அப்படியென்றால் சிங்கப்பூரின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2012, மனித உயிர்மருத்துவ ஆய்வுச் சட்டம் 2015 இரண்டையும் யோசிக்கவேண்டும், வெளிநாட்டுக்குத் தரவு போவதற்குத் தனி நிபந்தனைகள் உண்டு. ஒரு முறை, அனுப்பத் தயாராக இருந்த பொதியின் மாதிரிக் கோப்புறைக்குள் யாரோ பழைய டைகாம் ஒன்றைப் போட்டுவைத்திருந்தார்கள். பெயர் அழிக்கப்பட்டிருந்தது, பிறந்த தேதி அப்படியே இருந்தது. என் கைகால் நடுங்கிவிட்டது. பெயரை மட்டும் அழித்தால் போதாது, தயாரிப்பாளரின் தனிக் குறிப்புகளையும் பாருங்கள். தலை ஸ்கேன் என்றால் அதிலிருந்தே முகத்தை உருவாக்கிவிடலாம். சந்தேகம் துளி இருந்தாலும் தரவுப் பாதுகாப்பு அதிகாரியிடமும் ஆய்வு நெறிமுறைக் குழுவிடமும் கேட்டுவிட்டு அனுப்புங்கள். தெரியாமல் ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்கள் என்றால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள், கூட்டாளியிடம் திறக்கவேண்டாம் என்று போனில் சொன்ன கையோடு.

## அறிகுறி: போன மாதம் ஓடியது, இப்போது ஓடவில்லை

"லேட்டஸ்ட்" என்ற பெயரில் பொதியை இறக்கியிருப்பீர்கள், அது மாறிவிட்டது. பதிப்பு எண் போட்டு, முடிந்தால் கைரேகையோடு சேர்த்து இறக்குங்கள். பதிப்பு மாறவில்லை என்றால் கிளஸ்டரில் பராமரிப்பு நடந்து டிரைவர் மாறியதா என்று நிர்வாகியிடம் கேளுங்கள். இரண்டும் இல்லையென்றால் கம்பி வைத்த தண்ணீர் உருளையை ஓட்டி, படம், முழுப் பதிவுக் கோப்பு, பதிப்புப் பட்டியல் மூன்றையும் எங்களுக்கு அனுப்புங்கள். இந்தியாவில் இருப்பவர்கள் அங்கே மதியம் மூன்றரைக்கு முன்னால் அனுப்பினால் நல்லது, அப்போது இங்கே ஆறு மணி, நான் இன்னும் ஆய்வுக்கூடத்தில்தான் இருப்பேன்.